பாடகர் மூச்சு வாங்கும் இடம்

முதல் ஒத்திகை முடிந்ததும் டிரம்மர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கன்சாஸ் சிட்டியிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். "நன்றாக வாசிக்கிறாய் தம்பி. அடுத்த முறை வரும்போது அதில் முக்கால் பங்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வா" என்றார். அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்தத் தொனி என் காதில் ‘தம்பி’ என்றுதான் விழுந்தது.

அது 2014. திருச்சியில் பள்ளி பேண்டில் கிளாரினெட் ஊதத் தொடங்கி, பிறகு சென்னையில் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுக்களுக்கு சாக்ஸபோன் வாசித்தவன் நான். மண்டபத்தில் கற்ற பாடம் ஒன்றே ஒன்று: இடைவெளி தெரிந்தால் நிரப்பிவிட வேண்டும். பந்திச் சத்தத்துக்கு நடுவே யார் காதிலும் விழ வேண்டுமென்றால் வேறு வழியில்லை. வேலை நிமித்தம் கன்சாஸ் மாநிலத்தின் ஓவர்லேண்ட் பார்க்குக்கு வந்து சேர்ந்து, ஓர் அடகுக்கடையில் பழைய பாரிடோன் சாக்ஸ் ஒன்றை வாங்கினேன். கழுத்தில் மாட்டினால் ஐந்து கிலோவுக்கு மேல் தொங்கும்; சத்தம் தொழுவத்தில் எருமை கனைப்பது போல. எல்லைச் சாலைக்கு அந்தப் பக்கம், மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில், இன்று பத்து வாத்தியக்காரர்களும் மூன்று பாடகர்களும் கொண்ட ஒரு ஜம்ப் புளூஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் பாரிடோன் வாசித்தவர் ஊர் மாறிப் போனதால், அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. ஆள் கிடைக்காத வாத்தியத்தை வைத்திருப்பது, நன்றாக வாசிப்பதைவிடச் சீக்கிரம் வாய்ப்பு வாங்கித் தரும். இது நான் கண்ட முதல் உண்மை.

ஜம்ப் புளூஸ் என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 1930களில் அமெரிக்க நடன மண்டபங்களை ஆண்டது ஸ்விங் இசை. ஒரு குழுவில் பதினைந்து, பதினேழு பேர் இருப்பார்கள். பாடுகிறவர் ஓரமாக ஒரு நாற்காலியில் அலங்காரமாக உட்கார்ந்திருந்து, பாட்டின் நடுவில் எழுந்து வந்து ஒரு சுற்று பாடிவிட்டுத் திரும்பப் போய் உட்காருவார். போர் வந்தது. ஆட்களை ராணுவம் எடுத்துக்கொண்டது, டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது, 1944ல் பாட்டும் நடனமும் உள்ள விடுதிகளுக்கு 30 சதவீத வரி போட்டார்கள் (அதே ஆண்டில் 20 ஆகக் குறைத்தார்கள்). இத்தனை பேரைக் கட்டி மேய்க்க யாராலும் முடியவில்லை. ஆனால் ஆடுகிறவர்களின் கால்கள் நிற்கவில்லை. ஆர்கன்சாவில் பிறந்த லூயி ஜோர்டன், 1938ல் நியூயார்க்கின் ஹார்லெமில் தொடங்கிய தன் சிறிய குழுவை வைத்துக்கொண்டு பெரிய குழு தரும் உற்சாகத்தைத் தந்துவிட்டார். அந்த இசைதான் ஜம்ப் புளூஸ். அந்தக் குழுவின் பெயர் டிம்பனி ஃபைவ். அதில் பெரும்பாலும் ஐந்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெயரை மாற்றும் சிரமத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய குழுக்களிலும் சில இந்தப் பக்கம் திரும்பின. லக்கி மில்லிண்டர், பட்டி ஜான்சன், கலிபோர்னியாவில் ஜானி ஓட்டிஸ். இவர்களிடம் பாடகர் ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்து நடுமேடைக்கு வந்தார். ஒருவர் அல்ல, இருவர் மூவர். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம். மில்லிண்டருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, நோட்டு படிக்கவும் தெரியாது. ஆனால் யாரை எப்போது முன்னால் அனுப்ப வேண்டும் என்று தெரியும். தேவாலயத்திலிருந்து கிட்டாரோடு வந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பை 1941ல் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். பிறகு ஒமாஹாவிலிருந்து வந்த வைனோனி ஹாரிஸ் என்ற இடிக்குரலோனையும் சேர்த்துக்கொண்டார். எங்கள் குழு இந்த வழியில் வந்தது. எங்கள் மூவரில் ஒருவர் அறுபதைத் தாண்டிய பெரியவர், மைக் இல்லாமலே தெருக்கோடிவரை கேட்கும் குரல். இன்னொருவர் பள்ளி ஆசிரியை. வகுப்பை அடக்கிய தொண்டை. மூன்றாவது, இருபத்து நான்கு வயதுப் பெண். காதருகே ரகசியம் சொல்வது போலப் பாடுவாள். மூவருக்கும் மூன்று சுருதி. என் பிரச்சினைகள் எல்லாம் அங்கே தொடங்கின.

கணினியில் நோட்டு எழுதத் தெரியும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுவாரமே குழுவின் பிரதிகள் அனைத்தும் என் தலையில் விழுந்தன.

தமிழ் வாசகர்களுக்குக் கட்டைக் கணக்கில் சொல்கிறேன், சுலபமாக இருக்கும். பெரியவருக்கு ஆறரைக் கட்டை. ஆசிரியைக்கு இரண்டரைக் கட்டை. இரண்டும் ஊதுகிறவர்களுக்கு இனிமையானவை. ஏனென்றால் சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாம் தாளில் எழுதியது ஒரு சுருதி, ஒலிப்பது வேறு சுருதி என்ற வாத்தியங்கள்: பியானோ இரண்டரைக் கட்டையில் போகும்போது ஆல்ட்டோ சாக்ஸும் என் பாரிடோனும் ஒரு ஷார்ப்கூட (சுரத்தை அரைக் கட்டை ஏற்றும் குறி) இல்லாத நேர்ப் பாதையில் போகும். கிட்டார்காரருக்கு இது பிடிக்காது. அவருக்கு மூன்று கட்டையும் ஆறு கட்டையும்தான் வசதி. தந்தியை அழுத்தாமல் திறந்து மீட்டலாம். ஒருநாள் அவர் சாதுவாகக் கேட்டார்: "இரண்டரையை மூன்று ஆக்கினால் என்ன? அரைக் கட்டைதானே?"

மரியாதைக்கு மறுப்புச் சொல்ல முடியாமல் ஒப்புக்கொண்டேன். அந்த அரைக் கட்டையால், ஷார்ப் இல்லாத என் தாளில் ஏழு ஷார்ப்கள் முளைத்தன. டெனர் சாக்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் ஆறு. வீட்டில் எழுதும்போது கணினி ஒரு நொடியில் மாற்றிக் கொடுத்துவிட்டது, அதற்கு விரல் இல்லையே. மேடையில் வேகமான பாட்டில் நாங்கள் ஐந்து பேர் ஐந்து திசையில் தடுமாறினோம். ஆசிரியை பாடிக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளைகளாக நின்றோம். அன்றிலிருந்து குழுவில் வரிசை எழுதாத சட்டம் ஆனது: முதலில் பாடகரின் தொண்டை, அடுத்து ஊதுகிறவர்களின் விரல், கடைசியாகக் கிட்டார். கிட்டார்காரர் இன்னும் முனகுகிறார். அவர் விரலை அரைக் கட்டை நகர்த்தினால் போதும், எங்களுக்கு வாழ்க்கையே நகர்ந்துவிடுகிறது.

சுருதி குறிப்பதில் இன்னொரு தவறும் செய்தேன், அதை உணர ஒரு வருடம் ஆயிற்று. இளம்பெண்ணை வீட்டுக்கு அழைத்து, சோபாவில் உட்கார வைத்து, மின்பியானோவில் மெதுவாக வாசித்துக்கொண்டே எந்தச் சுருதி வசதி என்று கேட்டேன். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். அந்தப் பெண் பாடிக் காட்டினாள். எல்லாம் சுகமாக இருந்தது. மேடையில் அதே சுருதி அடித்தொண்டைக்குள் புதைந்துவிட்டது. உட்கார்ந்து தணிந்து பாடும்போது வசதியாக இருப்பது, நின்றுகொண்டு, பின்னால் ஐந்து ஊதுகுழல் இருக்கும்போது வசதியாக இருக்காது. இந்த இசையில் குரல் கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டும்; அந்த எட்டலில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒத்திகையின் இரண்டாவது மணி நேரத்தில், நிற்க வைத்து, டிரம்ஸோடு, பாட்டின் மிக உயர்ந்த வரியைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் வீட்டுச் சுருதியைவிட அரைக் கட்டையாவது ஏறும்.

நடையைப் பற்றி. ஷஃபிள் என்ற நடையைப் புத்தகத்தில் பார்த்தால் குழப்பமாக இருக்கும். நமக்கு எளிது. ஒவ்வோர் அடியையும் ‘தகிட’ என்று மூன்றாகப் பிரித்து, நடுவிலுள்ள ‘கி’யை விழுங்கிவிட வேண்டும். த… ட, த… ட. அவ்வளவே. இதை எங்கள் டிரம்மருக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒத்திகைகளில் அவரே ‘தகிட’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார், உச்சரிப்புதான் கொஞ்சம் மிசூரிக்காரத்தனமாக இருந்தது. ஆனால் ‘கி’யை எவ்வளவு விழுங்குவது என்பதற்கு அளவு கிடையாது. மெதுவான பாட்டில் முழுதாக விழுங்கலாம். வேகம் கூடக் கூட மூன்று கரைந்து இரண்டை நோக்கிப் போகும். எங்கள் டிரம்மர் அதை ஒருபோதும் விளக்கவில்லை. வலது கையை மட்டும் பார் என்பார்.

வேகம் விஷயத்தில் எங்கள் தலைவர், டிரம்பெட் வாசிப்பவர், ஆர்வக்கோளாறு உடையவர். ஒருமுறை லிண்டி ஹாப் என்ற ஸ்விங் நடனம் ஆடுகிறவர்கள் கூடிய இரவு. முதல் மூன்று பாட்டையும் நிமிடத்துக்கு இருநூறு அடிக்கு மேல் ஓட்டினார். முதல் பாட்டுக்குத் தளம் நிறைந்திருந்தது. மூன்றாவதில் நான்கு ஜோடிகள். மற்றவர்கள் சுவரோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நியூயார்க்கின் லெனாக்ஸ் அவென்யூவில் 1926ல் திறந்த சவாய் மண்டபத்தில் இரண்டு மேடைகள் உண்டு. ஒரு குழு நிறுத்தினால் அடுத்தது தொடங்கிவிடும். எந்தக் குழுவுக்குத் தளம் நிறைகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எங்களுக்கு எதிர்மேடை இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். இடைவேளையில் டிரம்மர் தலைவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: எண்ணத் தொடங்கும் முன் அந்தப் பாட்டிலேயே அதிகச் சொற்கள் நெருக்கியடிக்கும் வரியை மனதுக்குள் ஒருமுறை பாடிப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் அது பாடகருக்கும் தடுக்கும், ஆடுகிறவருக்கும் தடுக்கும். தலைவர் இன்றுவரை அப்படியே செய்கிறார். கண்ணை மூடி உதடு அசைவதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் பிரார்த்தனை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முக்கால் பங்கை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாரே, அந்தக் கதைக்கு வருகிறேன்.

புளூஸில் ஒரு சுற்று என்பது 12 பார், பாருக்கு நான்கு அடி வீதம் 48 அடி. மூன்று வரிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பார். முதல் வரியில் பாடகர் ஒரு சங்கதியைச் சொல்வார், இரண்டாவதில் அதையே திரும்பச் சொல்வார், மூன்றாவதில் அதற்கு விடை கொடுப்பார். ஆனால் நான்கு பாரையும் பாடகர் பாடுவதில்லை. இரண்டு பாருக்குச் சற்று மேல் பாடிவிட்டு நிறுத்திவிடுவார். மீதி, பதில் சொல்ல வாத்தியங்களுக்கு. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார் அல்லவா, அந்த வேலைதான் எங்களுடையது. ஆமா போடுகிறவர் புலவர் பேசும்போதே ஆமா போட்டுக்கொண்டிருந்தால் கதை எப்படி நகரும்? நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆசிரியை ஒரு சொல்லை இழுத்து வளைத்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வெற்றிடம் வரப்போகிறது என்று முன்கூட்டியே பாய்ந்துகொண்டிருந்தேன்.

இதைத் திருத்த எனக்கு உதவியது காது அல்ல, கண். பாடகரின் தோளைப் பார்க்கச் சொன்னார் ஆல்ட்டோ வாசிக்கும் அம்மையார். வரி முடிந்து மூச்சு வாங்கும்போது தோள் ஒரு விரற்கடை ஏறும். அந்த ஏற்றத்தில் நீங்கள் நுழையலாம், அது இறங்கும் முன் வெளியேறிவிட வேண்டும். பல மாதங்கள் நான் நோட்டைப் பார்க்காமல் பாடகர்களின் முதுகைப் பார்த்தே வாசித்தேன். பெரியவர் சில இரவுகளில் மூச்சை முன்கூட்டியே வாங்கிவிட்டு வரியைத் தள்ளிப் போடுவார். அப்போது எழுதி வைத்த பதில் பொருந்தாது, விட்டுவிட வேண்டும். விடுவதற்கும் ஒத்திகை தேவைப்பட்டது. எங்கள் தலைவர் சில சுற்றுகளில் ஊதுகிறவர்கள் அனைவரையும் வாத்தியத்தை மடியில் வைக்கச் சொல்லி, பதில் வர வேண்டிய இடத்தில் கையை மட்டும் தட்ட வைத்தார். அசட்டுத்தனமாகத் தோன்றியது. இரண்டு வாரத்தில் பலன் தெரிந்தது.

நிறுத்திப் பாடும் இடங்கள் இன்னும் அபாயமானவை. முதல் அடியில் குழு முழுதும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டு மௌனமாகிவிடும். பாடகர் தனியாகக் கதை சொல்வார். பிறகு எல்லோரும் ஒன்றாகத் திரும்புவோம். ஒரு திருமண வரவேற்பில் நான் ஒரு பார் முன்னதாகத் திரும்பிவிட்டேன். இருநூறு பேர் அமைதியாகப் பெரியவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், திண்டுக்கல் நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் அடித்ததுபோல் என் பாரிடோன். பெரியவர் அசரவில்லை. என் பக்கம் மெல்லத் திரும்பி, அந்தச் சத்தத்தோடு இரண்டு வரி வாக்குவாதம் செய்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். கூட்டம் சிரித்தது. அடுத்த நிகழ்ச்சியில் அதே இடத்தில் அதே தவறை வேண்டுமென்றே செய்யச் சொன்னார். செய்தேன், யாரும் சிரிக்கவில்லை. அத்தோடு அதை விட்டுவிட்டோம்.

ஒரு டிசம்பர் இரவை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உறைபனி மழை. பெரியவர் அந்த வாரம் ஊரில் இல்லை. இளம்பெண் இன்னும் எங்களோடு சேரவில்லை. ஆசிரியை ஒருவரை நம்பித்தான் முழு இரவும். எட்டு மணிக்குத் தொடக்கம், ஏழே முக்காலுக்கு அவரிடமிருந்து தொலைபேசி: நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு டிரக் புரண்டு கிடக்கிறது, வண்டி அசையவில்லை, எப்போது வருவேன் என்று தெரியாது. எங்கள் கையில் இருந்த பிரதிகள் அத்தனையும் இரண்டரைக் கட்டை.

"நான் பாடுகிறேன்" என்றார் டிராம்போன்காரர். காரில் பாடுவதைத் தவிர அவருக்குப் பாட்டு அனுபவம் இல்லை. அவருக்கு வேண்டியது ஆறரைக் கட்டை.

இந்த இசையின் சரித்திரத்தில் இது புதிதல்ல என்பது பின்னால்தான் ஆறுதலாக நினைவுக்கு வந்தது. வைனோனி ஹாரிஸ் மில்லிண்டர் குழுவோடு 1944ல் பாடிய ஒரு பாட்டு 1945ல் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் அப்போது ஹாரிஸ் அந்தக் குழுவில் இல்லை. அவர் இடத்தில் பாட எழுந்தவர், அதே குழுவில் டெனர் சாக்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பெஞ்சமின் ஜாக்சன். ‘புல் மூஸ்’ என்ற பட்டப்பெயரோடு சில ஆண்டுகளில் அவரே பெரிய பாடகராகிவிட்டார். எங்கள் டிராம்போன்காரர் அப்படி ஆகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்று எங்களைக் காப்பாற்றியது இந்த ஊரின் பழைய வழக்கம். கன்சாஸ் சிட்டிக் குழுக்கள் 1930களில் தாளில் எழுதாமலே ஏற்பாடுகளை உருவாக்கின. ஒருவர் நான்கைந்து சுரத்தில் ஒரு சிறு வாக்கியத்தை ஊதுவார், ரிஃப் என்பார்கள், பக்கத்தில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொள்வார், அடுத்தவர் அதற்கு மேல் ஒரு சுரம் ஏற்றிச் சேர்த்துக்கொள்வார். கவுன்ட் பேஸி என்ற பியானோக்காரரின் குழு இப்படித்தான் புகழ்பெற்றது. அன்று ஆல்ட்டோ அம்மையார் மேடைக்குப் பின்னால் ஒரு ரிஃபை முனகிக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் மூன்று ரிஃப் சேர்ந்தது. என் பங்குக்கு இரண்டே சுரம், அதையே இரவு முழுக்க வாசித்தேன். டிராம்போன்காரருக்கு இரண்டாவது சரணம் மறந்துவிட்டதால் முதல் சரணத்தையே மூன்று முறை பாடினார். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். கவனித்தது அவர் மனைவி ஒருவர்தான். ஒன்பதரைக்கு ஆசிரியை பனி சொட்டச் சொட்ட வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மேடையேறினார். சொந்தத் தொண்டைக்காரர் வந்ததும் மண்டபத்தின் வெளிச்சமே கூடியதுபோல் இருந்தது. அந்த வித்தியாசத்தையும் மறைக்க முடியாது.

மறுநாளே எல்லாப் பாட்டுக்கும் இரண்டு சுருதியில் பிரதி எடுத்தேன்: மஞ்சள் தாள், நீலத் தாள். அதோடு, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் குறைந்தது மூன்று பாட்டையாவது தாளே இல்லாமல் வாசிப்பது என்று முடிவு செய்தோம். தாளை நம்பிப் பழகிய எனக்கு அது முதலில் வயிற்றைக் கலக்கியது.

இளம்பெண் சேர்ந்தபோது குழுவில் பாதிப்பேருக்கு நம்பிக்கை இல்லை. இந்த இசை இடிக்குரலோருக்கானது என்று ஒரு நினைப்பு. இந்த ஊர்க்காரர் பிக் ஜோ டர்னர் அதற்குக் காரணம்; மதுக்கடையில் பரிமாறிக்கொண்டே பாடியவர், பீட் ஜான்சனின் பியானோவோடு 1938ல் நியூயார்க்கின் கார்னகி அரங்கம்வரை போனவர். அவர் நிழல் இன்னும் இங்கே நீளமாக விழுகிறது. ஆனால் பட்டி ஜான்சனின் இசைத்தட்டுகளைக் கேட்டால் வேறொன்று தெரியும். பின்னால் பெரிய குழு, முன்னால் அவர் தங்கை எலா ஜான்சன், தூக்கக்கலக்கத்தில் பேசுவதுபோல் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியே பாடுவார். அந்தக் குரலுக்கு அண்ணன் இடம் செய்து கொடுத்திருக்கிறார். நாங்களும் அதைப் பார்த்து மாற்றினோம். அவள் பாடும்போது டிரம்பெட்டும் டிராம்போனும் வாயை ரப்பர் கிண்ணத்தால் மூடிக்கொள்ளும். கழிவறை அடைப்பு நீக்கும் அதே கிண்ணம்தான், கைப்பிடியைக் கழற்றிவிட்டால் போதும், ஹார்டுவேர் கடையில் சில டாலர். (புதியதாக வாங்குங்கள்.) டிரம்மர் குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுப்பார். நான்? வாசிப்பதே இல்லை. கடைசிச் சுற்றில் மட்டும் ஒரு சுரம். அந்த ஒற்றைச் சுரத்துக்காகத்தான் ஐந்து கிலோவைக் கழுத்தில் சுமந்துகொண்டு நிற்கிறேன், மனம் கோணாமல்.

மேடை ஒலி பற்றி ஒரு வரி: பாடகருக்கு முன்னால் வைக்கும் ஒலிபெருக்கியில் அவர் குரலும் பியானோவும் மட்டும் போதும், ஊதுகிறவர்களின் சத்தத்தையும் அதில் சேர்க்காதீர்கள், அது தானாகவே அவர் பிடரியில் வந்து அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

பாடல் வரிகள் தனிப் பிரச்சினை. ஜம்ப் புளூஸ் சிலேடையில் வாழ்வது. சமையலறையைப் பாடுவதுபோல் இருக்கும், அது சமையலறை அல்ல. இவ்வூரைவிட்டுப் போக விரும்பாமல் இங்கேயே பாடி வாழ்ந்த ஜூலியா லீ, 1940களில் கேபிடல் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக இத்தகைய பாட்டுகளைச் சிரிக்காத முகத்தோடு பாடிப் புகழ்பெற்றார். எங்கள் ஆசிரியை தன் மாணவர்களின் பெற்றோர் வரும் விழாவில் அவற்றைப் பாட மாட்டார், நியாயம்தான். எனவே நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போதே கூட்டத்தில் குழந்தைகள் உண்டா என்று கேட்டுவிடுகிறோம். எனக்கு முதலில் பாதிச் சிலேடை புரியவில்லை. பெரியவர் காரில் வரும் வழியில் விளக்கினார். விளக்கியபின் அந்தப் பாட்டுகளை நேராக முகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பது கடினமாகிவிட்டது.

அந்தக் கார்ப் பயணங்களில்தான் வேறு சங்கதிகளும் கேட்டேன். 1940களில் இந்தக் குழுக்கள் ஊர் ஊராகப் போனபோது, ஆயிரம் பேரை ஆட வைத்த ஊரில் இரவு தங்க ஓட்டல் கிடைக்காது. வெள்ளையர் ஓட்டலில் இடமில்லை. எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்காக 1936 முதல் ஒரு கையேடே வெளிவந்துகொண்டிருந்தது. பெரியவர் சிறுவனாக இருந்தபோது ஒரு குழுவின் டிரம்பெட்காரர் அவர்கள் வீட்டு முன்னறையில் இரண்டு நாள் தங்கியிருந்தாராம். என்ன வாசித்தார் என்று கேட்டேன். "வாசிக்கவில்லை, தூங்கினார்" என்றார்.

பணம். 13 பேர் கொண்ட குழுவுக்கு ஒரு திருமணத்தில் 1500 டாலர் கிடைத்தால் ஆளுக்கு நூறு சொச்சம். பெட்ரோலுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். பல வருடங்கள் சம பங்குதான். பிறகு பெரியவர் கேட்டார்: விளம்பரத் தாளில் என் படம் பெரிதாக இருக்கிறது, உறையில் மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே கனம்? குழு இரண்டாகப் பிளந்தது. பாடகர் நாற்பது நிமிடம்தான் நிற்கிறார், நாங்கள் மூன்று மணி நேரம் வாசிக்கிறோம் என்பது ஒரு பக்கம். நான் பெரியவர் பக்கம் நின்றேன், இன்றும் அதுதான் என் கருத்து. நான் வராவிட்டால் என் தாளைப் படிக்கத் தெரிந்த எவரும் என் நாற்காலியில் உட்காரலாம். பாடகர் வராத இரவில் என்ன நடந்தது என்பதைத்தான் டிசம்பரில் பார்த்தோமே. கடைசியில் பாடகர்களுக்கு ஒன்றேகால் பங்கு என்று முடிவானது. டிரம்பெட்காரர் ஒருவர் விலகினார்.

ஒரு விழா அமைப்பாளர் எட்டு மாதம் பணம் தராமல் இழுத்தடித்த பிறகு, பாதிப் பணம் முன்கூட்டியே வராவிட்டால் வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை என்று எழுதி வைத்துவிட்டோம். எத்தனை பேருக்குச் சாப்பாடு, வண்டி நிறுத்த எங்கே இடம், உடை மாற்ற அறை உண்டா என்பவற்றையும் எழுதுகிறோம். உடை மாற்றும் அறை என்று எழுதாமல் விட்ட ஓர் இரவில் ஆசிரியை நாற்காலிகள் அடுக்கிய கிடங்கில் உடை மாற்றினார். அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

டிரம்மருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மூன்று வருடங்களாக நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை. ஹைலண்ட் அவென்யூவில், பழைய கறுப்பின இசைக்கலைஞர் சங்கத்தின் கட்டடத்தில் வெள்ளி, சனி நள்ளிரவுக்குமேல் நடக்கும் கூட்டு வாசிப்புக்கு மட்டும் சில சமயம் வந்து சுவரோரம் உட்கார்ந்திருப்பார். சென்ற மாதம் அங்கே ஒரு பையன் பாடக் கேட்டோம். இருபது வயதிருக்கும், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான், குரல் மட்டும் எந்தக் கூச்சமும் இல்லாமல் வந்தது. பெரியவருக்கு இப்போது மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சிதான் முடிகிறது. தலைவர் அந்தப் பையனை ஒத்திகைக்கு அழைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை வருகிறான். ஐந்தரைக் கட்டையா ஆறரையா என்று தலைவர் தொலைபேசியில் கேட்டார், அதற்குள் பிரதி எடுத்து வைத்தால் வசதி என்று. எடுக்கவில்லை. இரண்டாவது மணி நேரம் வரட்டும், அவனை நிற்க வைத்துக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.